மாங்காய்க் காசும் மன்னிப்பும்

கேள்வி (காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி):

பாய், அத்தா மவுத்தான (இறந்த) பிறகு தோப்பை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். போன சீசன் காயை எங்கள் ஜமாஅத்துக்காரர் (பள்ளிவாசல் சமூகத்தைச் சேர்ந்தவர்) ஒருவருக்கே விட்டோம். முன்பணம் போக மீதி இன்னும் கைக்கு வரவில்லை. அம்மா போய்க் கேட்டால் "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம்" என்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னோம். "அஞ்சு வேளையும் தொழுகிற மனுஷன், சபர் (பொறுமை) பண்ணுங்க. மன்னிச்சு விட்டா மறுமையில கூலி இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். மன்னிப்பது பெரிதா, அநியாயத்தை எதிர்த்து நிற்பது பெரிதா? விடாமல் கேட்டால் நாங்கள் இரக்கமில்லாதவர்கள் ஆகிவிடுவோமா?

13 ஜூன் 2025, வெள்ளி இரவு

கேளுங்கள் தம்பி. விடாமல் கேளுங்கள்.

நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடனைத் திருப்பிக் கேட்டு வந்து தடித்த வார்த்தை பேசினார். தோழர்கள் அவர் மேல் பாயப் போனார்கள். "விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு" என்று தடுத்துவிட்டு, அவர் கொடுத்ததைவிட நல்ல ஒட்டகமாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அல்லாஹ்வின் தூதரிடமே குரலை உயர்த்திக் கேட்க இடமிருந்தது என்றால், ஒரு மாங்காய் வியாபாரியிடம் உங்கள் அம்மா கேட்பதில் என்ன தப்பு?

இன்னொன்று. இன்று மதியம் நீங்களும் ஜும்ஆவுக்கு (வெள்ளித் தொழுகைக்கு) போயிருப்பீர்கள். இரண்டாம் குத்பா (உரை) முடிகிற இடத்தில் ஹஜ்ரத் (இமாம்) "இன்னல்லாஹ யஃமுரு பில் அத்லி வல் இஹ்ஸான்" என்று ஓதுவாரே, அது குர்ஆனில் நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆவது வசனம். நீதியையும் நன்மை செய்வதையும் அல்லாஹ் ஏவுகிறான் என்று தொடங்குகிறது. முதலில் நீதி, அப்புறம் அதற்கு மேலான நன்மை. வாராவாரம் கேட்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் மனசு வாசலில் விட்ட செருப்பிடம் போய்விடுகிறது.

14 ஜூன், சனி

பெரியவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பது ஷூரா அத்தியாயம் 40ஆவது வசனம்தான். "மன்னித்து, சீர்செய்துகொண்டவருக்குக் கூலி அல்லாஹ்விடம்." சரி. அதற்கு ஒரு வசனம் முன்னால், தமக்கு அநியாயம் நேர்ந்தால் தம்மைக் காத்துக்கொள்பவர்களை முஃமின்களின் (நம்பிக்கையாளர்களின்) நல்ல குணங்களோடு சேர்த்து அல்லாஹ் பேசுகிறான். 41இல், அநீதிக்கு ஆளானவர் தன் உரிமையை எடுத்துக்கொண்டால் அவர் மேல் குற்றம் இல்லை என்கிறான். 42இல், குற்றமெல்லாம் மனிதர்களுக்கு அநியாயம் செய்பவர்கள் மேல்தான் என்கிறான். 43இல் மறுபடி பொறுமைக்கும் மன்னிப்புக்கும் வருகிறான். ஐந்து வசனங்களில் ஒன்றரையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு விதவை வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த ஒன்றரையிலும் "சீர்செய்துகொண்டு" என்பதை விட்டுவிடுகிறார்கள். காசும் வரவில்லை, அந்த மனிதர் திருந்தவும் இல்லை, அடுத்த சீசனில் இன்னொரு தோப்புக்காரர் ஏமாறப் போகிறார். இதில் என்ன சீரானது?

15 ஜூன், ஞாயிறு

நபி (ஸல்) தாயிஃபில் தம்மைக் கல்லால் அடித்தவர்களை மன்னித்தார்கள், மக்காவை வென்ற அன்று மன்னித்தார்கள், நீங்கள் ஏன் வழக்கு வம்பு என்று தூண்டிவிடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கேட்ட தொனிதான் கொஞ்சம் காரம்.

தாயிஃபில் ரத்தம் சிந்தியது யாருடைய உடம்பு? அவர்களுடையது. மக்காவில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது யார்? அவர்களே. தமக்காக அவர்கள் யாரையும் பழிவாங்கியதில்லை, அல்லாஹ்வின் வரம்பு மீறப்பட்டால் மட்டும் விட்டதில்லை என்று அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது புகாரியிலும், முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது. அதே நபிதான், மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, பெரிய இடத்துப் பெண் என்று உஸாமாவை சிபாரிசுக்கு அனுப்பினார்களே, அப்போது கோபப்பட்டார்கள். உஸாமா அவர்களுக்கு எவ்வளவு பிரியமான பிள்ளை! "உங்களுக்கு முன்னிருந்தவர்கள் அழிந்தது இதனால்தான். பெரியவன் திருடினால் விட்டுவிடுவார்கள், எளியவன் திருடினால் தண்டிப்பார்கள். முஹம்மதின் மகள் ஃபாத்திமா திருடியிருந்தாலும் கையை வெட்டியிருப்பேன்" என்றார்கள்.

என் பக்கம் பட்டதை நான் மன்னிக்கலாம். உன் பக்கம் பட்டதை நான் மன்னிக்க முடியாது. அடுத்தவர் பணத்தில் ஜகாத் கொடுக்க முடியாது என்பது போலத்தான். கடன் பாக்கி மனிதர்களுக்கு உரிய ஹக் (உரிமை). அதைத் தள்ளுபடி செய்ய ஹஜ்ரத்துக்கும் முத்தவல்லிக்கும் (பள்ளிவாசல் நிர்வாகிக்கும்) அதிகாரம் இல்லை. ஷஹீதுக்குக்கூட (இறைவழியில் உயிர்நீத்தவருக்குக்கூட) கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது.

17 ஜூன், செவ்வாய்

இது என் வீட்டுக் கதை. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் உருது, கடையில் தமிழ். சந்தை நாளில் தெலுங்கும் கன்னடமும் வந்து கலந்துகொள்ளும். கிருஷ்ணகிரியில் பாதிப் பேர் இப்படித்தான். என் ஆபாவின் (அக்காவின்) வீட்டுக்காரர் திடீரென்று மவுத்தாகிவிட்டார். மய்யித் (உடல்) கூடத்தில் இருக்கிறது. குளிப்பாட்டத் தண்ணீர் காய்கிறது. ஆபாவைச் சுற்றி உறவுக்காரப் பெண்கள். ஒருவர் குனிந்து, "மஹரை மாஃப் பண்ணிடு கண்ணு, பாரத்தோட போகக் கூடாது" என்றார். மஹர் என்பது கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை, மாஃப் என்றால் மன்னிப்பு. ஆபா அழுதுகொண்டே தலையாட்டினாள். எல்லோருக்கும் நிம்மதி. இந்த வழக்கம் எங்கள் பக்கம் மட்டும் இல்லை, பல ஊர்களில் இருக்கிறது.

இத்தா (கணவர் இறந்த பின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் தலையாட்டினது எனக்கே நினைவில்லை. அது மாஃபா?" என்று கேட்டாள். எனக்கு பதில் தெரியவில்லை. வெளியூரில் ஓதிக்கொடுக்கும் ஒரு பெரிய ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) அழைத்துப் போனேன். அவர் நிஸா அத்தியாயம் 4ஆவது வசனத்தை ஓதிக் காட்டினார். பெண்களுக்கு மஹரைக் கொடுத்துவிடுங்கள். அவர்களே மனம் விரும்பி அதில் எதையாவது விட்டுக்கொடுத்தால் அனுபவியுங்கள். "மனம் விரும்பி" என்று நிபந்தனை இருக்கிறதே அம்மா, பிணத்துக்குப் பக்கத்தில் என்ன விருப்பம் இருக்க முடியும் என்றார். மஹர் கணவர் மேல் இருக்கும் கடன். சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன்னால் கடனைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஆபா கேட்டாள். கொழுந்தன்மார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். "செத்தவன்கிட்டயே கணக்கு கேக்கறா" என்று ஊரெல்லாம் பேச்சு. ஜமாஅத்தில் உட்கார்ந்தபோது ஒரு பெரியவர், மறுபடி அதே பல்லவி, "மன்னிச்சிடும்மா" என்றார். அதற்கு ஆபா சொன்னது இது: "மன்னிக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன் மாமு. முதல்ல அது என்னுதுன்னு இவங்க சொல்லட்டும்."

மஹரும் வந்தது, கடையில் பங்கும் வந்தது. வந்த கையோடு சின்னக் கொழுந்தன் தர வேண்டியிருந்த ஒரு தொகையை அவளாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள். அவர் அப்போது நொடிந்துபோயிருந்தார். பெரிய கொழுந்தனுக்கு ஒரு பைசா விடவில்லை. ஏன் ஆபா இவருக்கு மட்டும் என்றால், "அது என் இஷ்டம்" என்பாள். இன்றும் அதுதான் பதில்.

18 ஜூன்

என் ஆபா கதைக்கு வந்த முதல் கருத்து, மஹர் எவ்வளவு என்று. நம்ம ஆட்கள்!

20 ஜூன், வெள்ளி

இன்று ஜூன் 20. தருமபுரிக்காரர்களுக்கு இந்தத் தேதியை நினைவூட்டத் தேவையில்லை. 1992இல் இதே நாளில்தான் அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தோம். அதனால் அது எங்கள் மாவட்டத்தில் நடந்த அநியாயம்.

மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மீதி 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அத்தனை வருஷமும் அந்தப் பெண்கள் சாட்சி சொல்ல நீதிமன்றப் படி ஏறினார்கள். அவர்களிடம் போய் யாராவது "மன்னிச்சு விடுங்கம்மா" என்று சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் இரக்கமா?

போச்சம்பள்ளி அண்ணன் ஒருவர், இதில் இஸ்லாம் எங்கே வந்தது, அவர்கள் முஸ்லிம்கள் இல்லையே என்று கேட்கிறார். வருகிறது அண்ணே. நபித்துவத்துக்கு முன்னால் மக்காவில் ஒரு சம்பவம். யமனிலிருந்து ஸபீத் ஊர் வியாபாரி சரக்கோடு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற பெரிய புள்ளி சரக்கை வாங்கிக்கொண்டு காசு தரவில்லை. (காவேரிப்பட்டினம் தம்பி, கதை தெரிந்த மாதிரி இருக்கிறதா?) பெரிய குடும்பங்களிடம் போய் முறையிட்டார், கைவிரித்துவிட்டார்கள். குன்றின் மேல் ஏறி நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினார். அதற்குப் பிறகுதான் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, மக்காவில் யாருக்கு அநியாயம் நடந்தாலும், உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, அவன் உரிமை கிடைக்கும்வரை சேர்ந்து நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பார்கள். வாலிபராக இருந்த நபி (ஸல்) அதில் இருந்தார்கள். பின்னாளில், இப்போது இஸ்லாத்திலும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்றார்கள். கூடியவர்கள் முஸ்லிம்கள் இல்லை, ஏமாந்தவரும் இல்லை.

அந்த வீட்டில் கூடியவர்கள் யமன் வியாபாரியிடம் சபர் பண்ணச் சொல்லவில்லை. ஆஸிடம் போய்க் காசை வாங்கிக் கொடுத்தார்கள்.

22 ஜூன், ஞாயிறு

காய் வியாபாரம் செய்கிற ஒருவர் எழுதியிருக்கிறார். முழுக்க ஏற்க முடியாவிட்டாலும் நியாயமான பேச்சு. "இந்த வருஷம் தோத்தாபுரி மாங்காய் விலை எந்த லட்சணத்தில் கிடக்கிறது என்று பார்த்தீர்களா? மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், பறிகூலி கட்டுவதில்லை. கூழ் ஆலைக்குக் காய் போட்டவனுக்கு ஆலை காசு தந்தால்தானே அவன் தோப்புக்காரனுக்குத் தருவான்? எல்லா வியாபாரியையும் ஆஸ் இப்னு வாயில் ஆக்கிவிட்டீர்களே."

உண்மை. குர்ஆனில் பகரா அத்தியாயம் 280ஆவது வசனம், கடன்காரர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. இன்னொரு பக்கம், வசதி உள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரி ஹதீஸ். முடியாதவனும் தரமாட்டேன் என்பவனும் ஒன்றில்லை. ஆக, தம்பி, முதலில் விசாரிக்க வேண்டியது இதுதான்: அவரால் முடியவில்லையா, மனசில்லையா? பாக்கி போன சீசனுடையது, விலை விழுந்தது இந்த சீசனில். இதையும் கணக்கில் வையுங்கள். போன வருஷத்திலிருந்து வீட்டுக்கு மேல் மாடி எழும்பியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

22 ஜூன், இரவு

தூக்கம் வரவில்லை. அந்த வியாபாரி கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். "மன்னிக்கச் சொல்ல மூன்றாம் ஆளுக்கு உரிமை இல்லை என்கிறீர்கள். கஅப் இப்னு மாலிக் சம்பவத்தில் நபியே சொன்னார்களே?"

நல்ல இடத்தில் கொக்கி போட்டார். சம்பவம் இது. மதீனா பள்ளிவாசலுக்குள் நபித்தோழர் கஅப், இப்னு அபீ ஹத்ரத் என்பவரிடம் கடனைக் கேட்கிறார். இரண்டு பேர் குரலும் ஏறுகிறது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) காதில் விழுந்து, அறையின் திரையை விலக்கி, "கஅபே" என்று கூப்பிடுகிறார்கள். பாதியை விட்டுக்கொடு என்று கையால் காட்டுகிறார்கள். "விட்டேன், அல்லாஹ்வின் தூதரே" என்கிறார் கஅப்.

நம் பஞ்சாயத்துகள் இங்கேயே முடிந்து டீ வந்துவிடும். ஹதீஸ் முடியவில்லை. அடுத்த நொடியே அந்தப் பக்கம் திரும்பி, "எழுந்து போய் மீதியைக் கொடு" என்றார்கள்.

ஆக, மூன்றாம் ஆள் விட்டுக்கொடுக்கச் சொல்லவே கூடாது என்று நான் எழுதியதை இப்படித் தளர்த்திக்கொள்கிறேன்: கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எதிர்ப் பக்கத்திடம் "எழுந்து கொடு" என்று சொல்கிற தைரியம் உள்ளவர் மட்டும் கேட்கட்டும். உங்கள் பெரியவர்கள் அம்மாவிடம் பேசியது போல அந்த வியாபாரியிடம் எத்தனை தடவை பேசினார்கள்? "உன் சகோதரன் அநியாயக்காரனாக இருந்தாலும் உதவு, அவன் கையைப் பிடித்து நிறுத்துவதே அந்த உதவி" என்பதும் ஹதீஸ்தானே. அவர்களுக்கு அவர் மேல் பாசம் இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

25 ஜூன்

பாலக்கோடு சகோதரி ஒருவர்: இப்படி ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது புறம் பேசுவதாகாதா?

நிஸா 148: கெட்டதை வெளிப்படையாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர. இமாம் நவவி, புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்கள் என்று எழுதும்போது, அநீதிக்கு ஆளானவர் தீர்த்துவைக்கக் கூடியவரிடம் முறையிடுவதை முதலாவதாக வைத்தார். முறையிடலாம், அதற்கு எல்லை உண்டு. காசு தரவில்லை என்று சொல்லலாம். அவர் மகள் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அதில் வராது. என் ஆபாவும் அந்த எல்லையைச் சில சமயம் தாண்டினாள், பக்கத்தில் இருந்து கேட்டவன் நான்.

27 ஜூன், வெள்ளி

தம்பி தனியாக ஒன்று கேட்டிருந்தார். "காசு வந்து அம்மா மன்னித்துவிட்டாலும், அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து சலாம் சொல்ல என்னால் முடியாது. இது பாவமா?"

ஹம்ஸா (ரலி) அவர்களை உஹதில் கொன்ற வஹ்ஷீ பின்னால் இஸ்லாத்துக்கு வந்தார். நபி (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள், பழிவாங்கவில்லை. ஆனால், "உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார்கள். ஹம்ஸா அவர்களுக்குச் சிறிய தகப்பனார், அந்த நினைவு. இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆறுதல். மன்னித்தால் தோள்மேல் கை போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்று சட்டமில்லை. சலாமுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள், அது கடமை.

எதிர்ப் பக்கத்து உதாரணமும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆயிஷா (ரலி) மேல் அவதூறு பரப்பியதில் மிஸ்தஹ் சேர்ந்துகொண்டார். ஆயிஷாவின் தகப்பனார் அபூபக்ர் (ரலி) அவர்களுக்குச் சொந்தக்காரர், ஏழை, அவர் கையால் சாப்பிட்டவர். இனி இவனுக்கு ஒன்றும் கிடையாது என்று சத்தியம் செய்தார் அபூபக்ர். எந்தத் தகப்பன் செய்யமாட்டான்? நூர் 22 இறங்கியது: மன்னிக்கட்டும், பொருட்படுத்தாமல் விடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? படியளப்பது மறுபடி தொடங்கியது. ஆனால் அதே அத்தியாயத்தில்தான் அவதூறுக்கு 80 கசையடியும் இருக்கிறது. மிஸ்தஹ் அந்த அடியை வாங்கினார் என்றுதான் அறிவிப்புகள் சொல்கின்றன. அடியும் உண்டு, சோறும் உண்டு.

6 ஜூலை, ஞாயிறு, முஹர்ரம் 10

நோன்பு. வெயில் குறைவு, அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைக்கு எல்லாரும் நபியின் பேரர் ஹுசைன் (ரலி) வீரத்தைப் பேசுவார்கள். அன்றைய ஆட்சியாளர் யஸீதுக்குக் கைகொடுக்க மறுத்து ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் உயிரைக் கொடுத்தது. நான் ஹுர் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஹுசைனின் வழியை மறிக்கப் படையோடு வந்த தளபதி. வந்தவர்கள் தாகத்தில் வாடி நின்றார்கள். ஹுசைன் அந்தப் படைக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கொடுத்தாரே ஒழிய கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அதே ஹுர் மனம் மாறி இந்தப் பக்கம் வந்தபோது, நீதானே என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தினாய் என்று குத்திக்காட்டாமல் ஏற்றுக்கொண்டார். ஹுர் அன்றே இந்தப் பக்கம் நின்று செத்தார்.

இரக்கமும் எதிர்ப்பும் ஒரே ஆளிடம், சில நாட்களுக்குள். நம்மால் ஒரு பாக்கி வசூலிலேயே இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை.

9 ஜூலை, புதன்

தம்பியின் செய்தி. ஹஜ்ரத் ஒருவழியாக வியாபாரி வீட்டுக்கே போய்ப் பேசினாராம். பாதி கைக்கு வந்துவிட்டது. மீதிக்கு ஆலையிலிருந்து பணம் வரட்டும் என்று அவகாசம் கேட்கிறார். ஆலை பாக்கி வைத்திருப்பது உண்மைதான் என்று ரசீதைக் காட்டியிருக்கிறார். அம்மா அவகாசம் கொடுத்துவிட்டார். தம்பிக்குக் கோபம், மறுபடி ஏமாற்றுவார் என்று.

ஏமாற்றலாம். அம்மா கொடுத்தது அம்மாவுடைய உரிமை, அதில் உங்களுக்குப் பேச்சில்லை. ஆனால் அவகாசத்தை எழுதி வாங்கினீர்களா? பகரா 280 அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி 282, குர்ஆனிலேயே நீளமான வசனம், கடன் என்றால் தவணையைக் குறித்து எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், சின்னத் தொகையானாலும் சலிக்காதீர்கள் என்கிறது. தேதி போட்டு, இரண்டு சாட்சி வைத்து வாங்குங்கள். தேதி தாண்டினால் வக்கீல் நோட்டீஸ். தொழுகையாளிக்கு நோட்டீஸ் அனுப்பலாமா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். அனுப்பலாம். அவர் தொழுவது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

இந்த சீசன் காயை யாருக்கு விட்டிருக்கிறீர்கள்? அதையாவது எழுதி வாங்கினீர்களா, இல்லையா?